கேஷ் வரம்பைக் குறைத்தும் மாற்றம் இல்லையா? முதலில் மவுண்ட்டைப் பாருங்கள்

செஃப் (பல சர்வர்களில் தரவைப் பரப்பி வைக்கும் சேமிப்பு மென்பொருள்) கோப்பு முறைமையில் கிளையன்ட் கேஷ் சைஸை (client_cache_size) 16384-இலிருந்து 1000 ஆக்கி, கர்னல் மவுண்ட்டில் (லினக்ஸ் கர்னலே நேரடியாக இணைக்கும் முறை) பெரிய கோப்பு ஒன்றைத் திரும்பத் திரும்பப் படித்தும் மெமரி குறையவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குறையாது. கர்னல் மவுண்ட் அந்த அமைப்பைக் கண்டுகொள்வதே இல்லை, அது ஃப்யூஸ் கிளையன்ட்டுக்கும் (கர்னலுக்கு வெளியே தனி நிரலாக ஓடுவது) லிப்செஃப்எஃப்எஸ்ஸுக்கும் (மற்ற நிரல்கள் பயன்படுத்தும் செஃப் லைப்ரரி) மட்டும்தான்; கர்னலுக்கு கேப்ஸ் மேக்ஸ் (caps_max) என்று தனி மவுண்ட் ஆப்ஷன் இருக்கிறது (கேப்ஸ் என்றால் கோப்புகளைக் கேஷில் வைத்துக்கொள்ள சர்வர் கிளையன்ட்டுக்குத் தரும் அனுமதிகள்). அப்புறம் அந்த எண் எம்பி கணக்கு இல்லை, இனோடு (ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள விவரப் பதிவு) கணக்கு, அதனால் ஒரே கோப்பை எத்தனை முறை படித்தாலும் ஒரு இனோடுதான் (தரவுக்கான கேஷ் வேறு, ஃப்யூஸில் இயல்பாக 200 எம்பி).

சரி, எப்படிச் சோதிப்பது? ஃப்யூஸில் புதிதாக மவுண்ட் செய்து, 5000 காலிக் கோப்புகளை வேறொரு கிளையன்ட்டிலிருந்து உருவாக்கி, இங்கே எல்லாவற்றையும் ஸ்டாட் செய்யுங்கள் (கோப்பின் விவரங்களை மட்டும் கேட்கும் கட்டளை). பிறகு எம்டிஎஸ்ஸில் (செஃப்பின் மெட்டாடேட்டா சர்வர்) செஷன் பட்டியலை எடுத்து உங்கள் கிளையன்ட்டின் கேப்ஸ் எண்ணிக்கையைப் பாருங்கள். 1000-ஐ வெகுவாகத் தாண்டி நின்றால் உடனே பக் ரிப்போர்ட் போட்டுவிடாதீர்கள்: திறந்து வைத்த கோப்புகளையும், லினக்ஸ் கர்னல் தன் டென்ட்ரி (கோப்புப் பெயர்ப் பதிவு) கேஷில் பிடித்து வைத்திருப்பதையும் கிளையன்ட்டால் கழற்றிவிட முடியாது. கிளையன்ட்டின் அட்மின் சாக்கெட்டில் (ஓடும் நிரலுக்குக் கட்டளை அனுப்பும் வழி) ஸ்டேட்டஸ் கேட்டால் இப்படிக் கழற்ற முடியாமல் பின் (pin) ஆகியிருக்கும் டென்ட்ரிகள் எத்தனை என்று தனியாகக் காட்டும். கர்னலின் டென்ட்ரி, இனோடு கேஷை விடுவிக்க டிராப் கேஷஸில் (/proc/sys/vm/drop_caches) 2 எழுதிவிட்டு மறுபடி பாருங்கள். எம்டிஎஸ் பக்கத்து 4 ஜிபி கேஷ் மெமரி வரம்பை இப்போதைக்குத் தொடவே வேண்டாம், இரண்டையும் சேர்த்து மாற்றினால் கேப்ஸ் எதனால் குறைந்தது என்றே தெரியாது.