மீதிப் பணத்தைக் கட்டலாமா?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து ஒரு முனைவர் பட்ட மாணவி எழுதியிருக்கிறார். கடல்பாசி எடுக்கும் பெண்களின் வருமானமும் கடன்சுமையும் அவருடைய ஆய்வுத் தலைப்பு. 2022 ஜூலையில் பதிவு செய்தவர், இன்னும் நான்கு மாதத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். ஸ்கோபஸ் என்ற பன்னாட்டு ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழ்களில் இரண்டு கட்டுரை இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நெறியாளர் சொல்லிவிட்டார். சீனியர் ஒருவர் கொடுத்த எண்ணில் ஒரு ஏஜென்டைப் பிடித்து, கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்பி, 5,000 ரூபாய் முன்பணமும் கட்டியிருக்கிறார். இருபது நாளில் ஸ்கோபஸ் இதழில் வந்துவிடும், மீதி 17,000 ரூபாயை இந்த வாரமே அனுப்புங்கள் என்கிறார் ஏஜென்ட். "கட்டலாமா சார்? கட்டாவிட்டால் கட்டுரை அவர்களிடமே மாட்டிக்கொள்ளுமா? தமிழ்த்துறைத் தோழியும் அவரிடமே கொடுக்கப் போகிறாள்" என்பது கேள்வி.

கட்டாதீர்கள் அம்மா. ஒரு ரூபாய்கூட இனி அனுப்ப வேண்டாம்.

அடுத்த வேலை, கட்டுரையை இன்றே திரும்பக் கேட்பது. ஏஜென்டிடம் வாட்ஸ்அப்பில் கெஞ்ச வேண்டாம். எந்த இதழுக்கு அனுப்பினார் என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். அந்த இதழின் ஆசிரியருக்கு, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலிலிருந்து நான்கு வரி எழுதுங்கள்: இந்தத் தலைப்புள்ள கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், வெளியிட எனக்குச் சம்மதமில்லை, பதிப்புரிமைப் படிவம் எதிலும் நான் கையெழுத்திடவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், அதையும் ரத்து செய்வதாக எழுதுங்கள். அதே கடிதத்தின் நகலை ஏஜென்டுக்கும் அனுப்புங்கள். 'திரும்பப் பெறவும் கட்டணம் உண்டு' என்று பதில் வந்தால் பதறாதீர்கள், கட்டவும் கட்டாதீர்கள். ஐதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் பதிப்பகத்தின் மேல் அமெரிக்க வர்த்தக ஆணையம் போட்ட வழக்கில் இந்தப் பழக்கமும் ஒரு குற்றச்சாட்டு. கட்டணத்தை முதலில் மறைத்தார்கள், கட்டுரையைத் திரும்பக் கேட்டவர்களை விடவில்லை என்றது ஆணையம். 2019-ல் அங்குள்ள நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது.

இந்தக் கடிதம் ஏன் அவசியம் என்றால், உங்களுக்குத் தெரியாமல் அது எங்கோ வெளிவந்துவிட்டால், அதே கட்டுரையை நல்ல இதழுக்கு நீங்கள் அனுப்பும்போது இரட்டை வெளியீடு என்ற பழி உங்கள் தலையில் விழும். இதைவிட மோசமானதும் நடக்கிறது. ஏஜென்ட் கையில் போன வேர்டு கோப்பு வேறு யாரோ நான்கு பேரின் பெயரில் வெளியாகலாம். கட்டுரையில் ஆசிரியர் பெயருக்கான இடத்தையே விலைபோட்டு விற்கும் சந்தை இது. அதனால் கட்டுரையின் வரைவை ஜெனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் உங்கள் பெயரில் ஏற்றிவிடுங்கள். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வு நிறுவனம் நடத்துவது, இலவசம். தேதியோடு நிலையான அடையாள எண் கிடைக்கும். நாளை யாராவது உரிமை கொண்டாடினால் அந்தத் தேதி உங்களுக்காகப் பேசும். ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய திருத்தம் ஒன்று இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

போன 5,000 ரூபாய்க்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள். பணம் திரும்பி வருமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. புகார் எண் கையில் இருந்தால் ஏஜென்டின் மிரட்டல் குறையும்.

இப்போது விதிக்கு வருவோம். இரண்டு ஸ்கோபஸ் கட்டுரை என்று யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, எங்கும் சொல்லவில்லை. 2016-ம் ஆண்டு விதிமுறை கேட்டது, வல்லுநர் மதிப்பாய்வு உள்ள ஆய்விதழில் ஒரு கட்டுரையும் கருத்தரங்குகளில் இரண்டு வாசிப்பும். 2022 நவம்பர் 7-ல் வந்த புதிய விதிமுறை அந்தக் கட்டாயத்தையும் எடுத்துவிட்டது. நீங்கள் ஜூலையில் பதிந்தவர் என்பதால் பழைய விதி உங்களுக்குப் பொருந்தும். அதாவது ஒரு கட்டுரை. அதற்கு மேல் கேட்பது உங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்த விதியாக இருக்கலாம், துறையின் வழக்கமாக இருக்கலாம், நெறியாளரின் ஆசையாகவும் இருக்கலாம். ஆய்வுப் பிரிவு அலுவலகத்தில் நீங்கள் பதிந்த ஆண்டுக்கான விதிமுறை நகலைக் கேட்டு வாங்கி, அந்தப் பத்தியைக் கண்ணால் பாருங்கள். பலர் அந்தப் பத்தியைப் படிக்காமலேயே ஏஜென்டைத் தேடிப் போகிறார்கள்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. மேலே இருப்பவர்கள் விதியைத் தளர்த்திவிட்டார்கள், கீழே யாரும் தளர்த்தவில்லை. தரமதிப்பீட்டுக்கும் தரவரிசைக்கும் கட்டுரை எண்ணிக்கை காட்ட வேண்டியது கல்லூரி நிர்வாகம். அந்த எண்ணிக்கையைப் பிரசவிக்க வேண்டியது உதவித்தொகை இல்லாத மாணவி. போலி இதழ்களை வடிகட்ட 2018 இறுதியில் யுஜிசி கேர் என்ற பட்டியலை அறிவித்தார்கள். அதில் குறைகள் ஏராளம். ஆனாலும் ராமநாதபுரத்து மாணவி போனில் தேடிப் பார்க்க ஏதோ ஒன்று இருந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் நிறுத்திவிட்டு, தரத்தை அந்தந்தக் கல்வி நிறுவனமே முடிவு செய்யட்டும் என்று சில அளவுகோல்களைக் கொடுத்துவிட்டார்கள். எத்தனை கல்லூரிகள் அதற்காகக் குழு போட்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தன? அந்த வெற்றிடத்தில்தான் உங்கள் ஏஜென்ட் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஐஎஸ்எஸ்என் இருக்கிறது மேடம் என்பார். அது இதழுக்கான வெறும் பதிவு எண். எட்டு இலக்கம், விண்ணப்பித்தால் கிடைக்கும், தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டிஓஐ தருகிறோம் என்பார். அதுவும் இணையத்தில் கட்டுரையைக் கண்டுபிடிக்க உதவும் ஒரு நிலையான முகவரிதான். இம்பாக்ட் ஃபேக்டர் 7.8 என்பார். ஒரு இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் எண் அது. உண்மையான இம்பாக்ட் ஃபேக்டரைக் கணக்கிட்டு வெளியிடுவது கிளாரிவேட் என்ற ஒரே நிறுவனம். அதே மாதிரிப் பெயர் வைத்து எண்ணை விற்கும் கடைகள் பல.

ஸ்கோபஸ் என்று சொன்னால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஸ்கோபஸ் தளத்தில் 'சோர்சஸ்' என்ற பக்கம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, சந்தா தேவையில்லை. இதழின் பெயரைப் போடாமல் ஐஎஸ்எஸ்என் எண்ணைப் போட்டுத் தேடுங்கள், ஏனென்றால் பெயரை லேசாக மாற்றி ஏமாற்றுவார்கள். வந்தால் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். 2016 முதல் 2021 வரை என்று இருந்தால் அந்த இதழ் இப்போது பட்டியலில் தொடரவில்லை என்று பொருள். 'ஸ்கோபஸில் இருக்கிறது' என்று ஏஜென்ட் காட்டும் ஸ்கிரீன்ஷாட் பெரும்பாலும் அந்தப் பழைய பதிவுதான்.

எண்ணும் சரி, ஆண்டும் சரி என்றாலும் ஒரு பொறி பாக்கி. நல்ல இதழ் ஒன்றின் பெயரையும் எண்ணையும் எடுத்துக்கொண்டு, அதே மாதிரி ஒரு போலித் தளத்தை உருவாக்கி அங்கே பணம் வசூலிப்பார்கள். ஐஎஸ்எஸ்என் போர்ட்டலில் அந்த எண்ணைப் போட்டால் அது எந்த இதழுக்கு, எந்த நாட்டுக்கு உரியது என்று வரும். போலந்து நாட்டு இதழுக்கு நாமக்கல் கணக்கில் ஜிபே பண்ணச் சொன்னால் உங்களுக்கே புரிந்துவிடும்.

அப்புறம் அந்த இருபது நாள். கட்டுரையை இரண்டு பேர் உட்கார்ந்து படித்து, கேள்வி எழுதி, நீங்கள் திருத்தி, மறுபடி அவர்கள் படிக்க மாதங்கள் ஆகும். இருபது நாள் என்றால் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். 2013-ல் 'சயின்ஸ்' இதழ் ஒரு சோதனை செய்தது. கற்பாசியிலிருந்து எடுத்த பொருள் புற்றுநோயைத் தடுக்கிறது என்று, படித்த எவருக்கும் பிழை தெரியக்கூடிய பொய்க் கட்டுரை ஒன்றைத் தயாரித்து 304 இதழ்களுக்கு அனுப்பினார்கள். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. பெரிய பதிப்பகம் என்றால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். வைலி நிறுவனத்தின் ஹிந்தாவி பிரிவு 2023-ல் மட்டும் 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பகுதி சிறப்பிதழ்கள் வழியாக நுழைந்தவை. 'ஸ்பெஷல் இஷ்யூவில் இடம் இருக்கிறது மேடம்' என்று ஏஜென்ட் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பாசிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு விலையைத் தன் கையில் வைத்துக்கொள்ளும் வியாபாரியைப் பற்றி உங்கள் ஆய்விலேயே எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் வந்திருப்பவரும் அதே ஆள்தான்.

படிக்காமல் போடும் இதழால் வரும் பெரிய கெடுதி உங்கள் பட்டத்துக்கு வருவதல்ல. நீங்கள் இணைத்த வரைவைப் படித்தேன். மூன்றாவது அட்டவணையில் பெண்களின் பெயரும் வயதும் ஊரும் இருக்கின்றன. அடுத்த பத்தியில் எந்தத் தீவுப் பக்கம், எந்த மாதம், மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போகிறார்கள் என்று இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் அந்த 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கியும்விட்டன. அங்கே அனுமதி இல்லாமல் இறங்குவது வனத்துறைச் சட்டப்படி குற்றம். நம்பி உங்களிடம் வாய்திறந்த பெண்ணின் மேல் வழக்குப் போடத் தேவையான அத்தனையும் அந்த இரண்டு பக்கத்தில் இருக்கிறது. நல்ல இதழின் மதிப்பாய்வாளர் முதல் வேலையாக இதைத்தான் பிடிப்பார். பெயரை எடு, ஊரை மாற்று, சம்மதம் எப்படி வாங்கினாய், நெறிமுறைக் குழு ஒப்புதல் எங்கே என்று கேட்பார். கேட்பது உங்களைத் தொல்லைப்படுத்த இல்லை, அந்தப் பெண்களைக் காப்பாற்ற. ஏஜென்ட் எதுவும் கேட்க மாட்டார், அப்படியே இணையத்தில் போட்டுவிடுவார். ஜெனோடோவில் ஏற்றும் முன் செய்யச் சொன்ன திருத்தம் இதுதான். பெயருக்குப் பதில் குறியீடு, ஊருக்குப் பதில் 'மண்டபம் பகுதிக் கிராமம்', தீவின் பெயரே வேண்டாம். நீங்களே தீவுக்குப் போய்த் தரவு எடுத்திருந்தால், 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ம் பிரிவில் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி உங்களுக்கும் வேண்டும். அந்தக் கடிதத்தை இதழ் கேட்கும்.

சரி, எங்கே அனுப்புவது? உங்கள் ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலை எடுங்கள். எந்த இதழ்களைத் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டியிருக்கிறீர்களோ, அவைதான் உங்கள் கட்டுரையின் வீடு. 'மாரிடைம் ஸ்டடீஸ்', 'மரைன் பாலிசி', 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஜெண்டர் ஸ்டடீஸ்' மூன்றும் உங்கள் பட்டியலிலேயே இருக்கின்றன. இம்மூன்றிலும், படிப்பவர்கள் பணம் கட்டும் சந்தா வழியைத் தேர்ந்தெடுத்தால் ஆசிரியர் கட்டணம் இல்லை. கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு 'ஓபன் அக்சஸ் வேண்டுமா' என்று ஒரு பக்கம் வரும், அதாவது எல்லோரும் இலவசமாகப் படிக்க நீங்கள் பணம் கட்டும் வழி, அதில் வேண்டாம் என்று கொடுங்கள். பாசிகளின் அறிவியல் பெயரில் சந்தேகம் இருந்தால் உங்கள் ஊரிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. 1947-ல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் தலைமையகமே ஒரு காலத்தில் மண்டபத்தில்தான் இருந்தது. நேரில் போய்க் கேளுங்கள்.

தோழி விஷயம் வேறு, அவருக்கு நான் சொன்ன சோதனைகளில் பாதி பொருந்தாது. பாம்பன் மீனவர்களிடம் கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றுப் பெயர்களைத் திரட்டித் தமிழில் எழுதுகிறார் என்கிறீர்கள். தமிழில் வரும் ஆய்விதழ்களை ஸ்கோபஸில் தேடினால் அநேகமாக எதுவும் கிடைக்காது. அதனால் அவை போலி என்று ஆகிவிடாது. ஸ்கோபஸ் என்பது எல்செவியர் என்ற தனியார் நிறுவனம் நடத்தும் பட்டியல். நம் மொழியில் நடக்கும் ஆய்வை அளக்க அது உண்டாக்கப்படவில்லை. தமிழ்க் கட்டுரையை ஸ்கோபஸில் போட்டுத் தருகிறேன் என்று எவராவது சொன்னால், அந்த ஒரு வாக்கியமே மோசடிக்குச் சான்று. பெரும்பாலும் கட்டுரையை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு, வணிகவியல் இதழ் ஏதோ ஒன்றில் செருகிவிடுவார்கள். தோழி பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் யார், அவர்கள் எழுதியதைத் தோழி படித்திருக்கிறாரா, முந்தைய இதழ்கள் கிடைக்கின்றனவா, மதிப்பாய்வுக் குறிப்பு எழுத்தில் வருகிறதா. உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் நடத்தும் இதழ்களில் தொடங்கட்டும். துறையில் 'ஸ்கோபஸ் இல்லையே' என்றால், விதியில் இருக்கும் சொல் மதிப்பாய்வு இதழ் என்பதுதான் என்று அந்தப் பத்தியைக் காட்டட்டும். தமிழ்த்துறை மாணவர்களிடம் ஸ்கோபஸ் கேட்பது அநியாயம். இதைத் துறைத் தலைவர்கள்தான் எழுந்து நின்று சொல்ல வேண்டும், மாணவியின் தலையில் கட்டக் கூடாது.

நான்கு மாதத்தில் முடியாது என்றால் நீட்டிப்புக் கேளுங்கள். ஆறு ஆண்டு வரை உங்களுக்குக் காலம் உண்டு, பெண் ஆய்வாளர்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு தளர்வு விதியிலேயே இருக்கிறது. நெறியாளரிடம் வாக்குவாதம் வேண்டாம். விதிமுறை நகல், நீங்கள் தேர்ந்தெடுத்த இதழின் ஸ்கோபஸ் பக்கம், கட்டுரை அனுப்பியதற்கான ரசீது மின்னஞ்சல், இந்த மூன்றையும் அச்செடுத்து மேசையில் வைத்து, முடிவு வரும்வரை சினாப்சிஸை, அதாவது ஆய்வேட்டுக்கு முன் கொடுக்கும் ஆய்வுச் சுருக்கத்தை, நகர்த்த முடியுமா என்று கேளுங்கள். கட்டுரையில் அவர் பெயரும் இருப்பதால், ஏஜென்ட் வழியில் போனது நாளை திரும்பப் பெறப்பட்டால் அவர் பெயரும் சேர்ந்துதான் அடிபடும் என்பதையும் சொல்லுங்கள். மறுத்தால் ஆய்வுக் குழுவின் மற்ற உறுப்பினர்களுக்கு எழுத்தில் கொடுங்கள், நகலில் ஆய்வுப் பிரிவின் முத்திரையோடு தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.