ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை: போர்டு போயிடுச்சா?

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறேன். ரைசன் 5 7600 ப்ராசஸர், பி650 போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ராம் இரண்டு, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வீட்டிலேயே அசெம்பிள் செய்தேன். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) மட்டும் கேபினட்டோடு வந்தது. ஆன் செய்தால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, மானிட்டரில் ‘நோ சிக்னல்’. கடையில் கேட்டால் போர்டு போயிருக்கும் என்கிறார்கள். கேபினட்டைத் தொட்டால் லேசாக ஷாக் வேறு அடிக்கிறது. தம்பிக்கும் கேமிங்குக்கு ஒன்று செய்ய வேண்டும். அதில் எங்கே காசைக் குறைக்கலாம்?

பதில்: டிஸ்ப்ளே இருக்கட்டும், முதலில் ஷாக்கைப் பார்ப்போம். பெரும்பாலும் ப்ளக் பாயின்ட்டில் எர்த் இல்லை என்பதன் அடையாளம் அது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் லைனிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் அதன் இரும்புக் கூட்டோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அவற்றின் கசிவு தரைக்குப் போய்விடும். இல்லையென்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேபினட்டிலேயே நிற்கும். கரன்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகி எடுத்துக்கொண்டிருந்தால் போர்ட் பழுதாகலாம். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை ப்ளக் பாயின்ட் இருக்கும், கழற்றிப் பார்த்தால் மேல் ஓட்டைக்கு ஒயரே வந்திருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு லைனுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். 230க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். அது சரியாகும்வரை ப்ளக்கைப் பிடுங்காமல் உள்ளே கை வைக்காதீர்கள்.

இப்போது டிஸ்ப்ளே. ஃபேன் சுற்றினால் 12 வோல்ட் வருகிறது, அவ்வளவுதான். ப்ராசஸர் ஒரு வேலையும் தொடங்காமலே ஃபேன் பாட்டுக்குச் சுற்றும்.

ஆன் செய்தபின் எவ்வளவு நேரம் பொறுத்தீர்கள்? உங்கள் போர்டு ஏஎம்5 என்ற சாக்கெட் வகை. புது டிடிஆர்5 ராமை முதன்முறை பார்க்கும்போது அதற்கு எந்த வேகம், எந்த நேரக்கணக்கு ஒத்துவரும் என்று போர்டு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கும். மெமரி ட்ரெய்னிங் என்பது இதைத்தான். அது முடியும்வரை திரை கறுப்பாகவே இருக்கும். சில நிமிடத்தில் முடியலாம், பத்து நிமிடத்தையும் தாண்டலாம். பலர் முப்பது வினாடி பார்த்துவிட்டுப் பதறி ஆஃப் செய்து ஆன் செய்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் சோதனை முதலிலிருந்து தொடங்கும். என்னிடம் ‘செத்த போர்டு’ என்று வந்த ஒன்றை ஆன் செய்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது பயாஸ் திரை, அதாவது போர்டின் சொந்த செட்டிங் திரை, நின்றுகொண்டிருந்தது. கொண்டுவந்தவருக்கு நம்பவே முடியவில்லை.

போர்டின் ஓரத்தில் சிபியு (ப்ராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கிறதா பாருங்கள். டிராம் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் 15 நிமிடம் தொடாமல் விடுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் ஒரு ராமைக் கழற்றிவிட்டு, மற்றதை ஏ2 ஸ்லாட்டில் போடுங்கள். பொதுவாக ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது. பல போர்டுகளில் ஒரு பக்கம்தான் கிளிப் இருக்கும். அந்தப் பக்கம் ‘டக்’ என்றதும் உட்கார்ந்துவிட்டது என்று நினைப்போம், மறுமுனை அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருக்கும். கட்டைவிரலால் அந்த முனையையும் அழுத்துங்கள். ராமை ரப்பரால் துடைக்கும் பழைய வைத்தியம் புது ராமுக்குத் தேவையில்லை.

சிபியு விளக்கு எரிந்தால் போர்டின் மேல் இடது மூலையைப் பாருங்கள். அங்கே செருகும் எட்டு பின் கேபிள் 4+4 ஆகப் பிரியும். கார்டுக்கானது 6+2 ஆகப் பிரியும். முன்னதைச் செருக மறந்தாலும், பாதி செருகினாலும் ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது.

விஜிஏ விளக்கென்றால் கார்டையே கழற்றிவிட்டு மானிட்டரைப் போர்டின் எச்டிஎம்ஐயில் இணையுங்கள். 7600க்குள்ளேயே டிஸ்ப்ளே உண்டு, 7500எஃப் என்ற ப்ராசஸரில் கிடையாது. படம் வந்துவிட்டால் கோளாறு கார்டில், அல்லது அதன் பவர் கேபிளில்.

இத்தனையும் பார்த்த பிறகும் வரவில்லையென்றால் போர்டைச் சந்தேகிக்கலாம். ஆனால் அதற்கும் முன்னால் எனக்குச் சந்தேகம் உங்கள் எஸ்எம்பிஎஸ் மேல்தான். அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12வி என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12ஆல் பெருக்கினால் நிஜக் கணக்கு தெரிந்துவிடும். பெரிதாக 500 வாட் என்று போட்டுவிட்டு 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் என்றிருந்தால், ப்ராசஸருக்கும் கார்டுக்கும் சேர்த்து அது தருவது 240 வாட்தான். உங்கள் ப்ராசஸர் அதிகபட்சம் 88 வாட், கார்டு 115 வாட் இழுக்கும். ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்தாலும் 300க்குள்தான். நல்ல கம்பெனியின் 550 வாட் தாராளம். கூட்டல் கணக்கில் உங்களுடையதும் தேறலாம், கேம் ஓடும்போது ஒரே நொடியில் கார்டு எகிறி இழுப்பதை அது தாங்குமா என்பதுதான் கேள்வி. நானாக இருந்தால் இன்றே மாற்றிவிடுவேன்.

தம்பியுடையதற்கு எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் காசைக் குறைக்காதீர்கள். வண்ண விளக்கு ராம், லிக்விட் கூலர், விலை கூடிய எக்ஸ்670 போர்டு எதுவும் வேண்டாம். 7600 பெட்டியோடு வரும் கூலரே போதும். கேபினட் முகப்பில் கண்ணாடி வேண்டாம், வலை வைத்ததாகப் பாருங்கள். மே மாதம் ஏசி இல்லாத அறையில் கண்ணாடிப் பெட்டி இட்லிக் கொப்பரைதான். வீட்டில் 600 விஏ யூபிஎஸ் இருந்தால் அது பொதுவாக 360 வாட்தான் தாங்கும். கேம் நடுவில் மட்டும் மெஷின் அணைந்தால் அதை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

போர்டை வாரன்டிக்குக் கொண்டுபோக நேர்ந்தால், ப்ராசஸரை எடுத்ததும் சாக்கெட் மேல் அந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியைப் போட்டுவிடுங்கள். ஏஎம்5இல் பின்கள் போர்டில் இருக்கின்றன. ஒன்று வளைந்திருந்தாலும் வாரன்டி தர மறுக்கலாம், எனவே கிளம்புமுன் போனில் டார்ச் அடித்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், தெருவில் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும்.