வெளிநாட்டு வாலிபால் ஆசைக்காகக் காட்டை விற்கலாமா?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கேட்டிருந்த அம்மாவுக்கு,

உங்கள் மகன், தம்பி, பிளஸ் டூ படிக்கிறான், ஆறடி இரண்டு அங்குலம், வாலிபாலில் நன்றாக அடிக்கிறான் என்கிறீர்கள். "ஐரோப்பாவில் கிளப் பிடித்துத் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள்" என்று ஒருவர் போனில் நெருக்குகிறார். காட்டை விற்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

ஒரு நாட்டு வீரர் இன்னொரு நாட்டு கிளப்புக்கு ஆட வேண்டுமென்றால் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் வேண்டும். நம் தேசிய சம்மேளனம் சம்மதித்து, சர்வதேச சம்மேளனம் வழியாக வர வேண்டிய காகிதம் அது. போனில் பேசுகிறவர் தனியாக வாங்கித் தர முடியாது. உண்மையிலேயே ஒரு கிளப்புக்குத் தம்பி தேவையென்றால், அவர்கள்தான் அவனுக்குச் சம்பளம் பேசுவார்கள்.

அதற்காக ஆசையே தப்பு என்று சொல்லமாட்டேன். பக்கத்துக் கேரளத்துக்காரர் ஜிம்மி ஜார்ஜ் அபுதாபியிலும் இத்தாலியிலும் ஆடியவர். ஆனால் அதற்கு முன்பே அவர் இந்திய அணி வீரர். 1976-இலேயே அர்ஜுனா விருது வாங்கியவர். ஜப்பானின் யூகி இஷிகாவா 2014-இல் இத்தாலியின் மோடெனா கிளப்புக்குப் போனபோது கல்லூரி மாணவர்தான். அவரும் அதற்குள் தேசிய அணியில் ஆடிவிட்டார். படிப்பையும் விடவில்லை. கிளப்புகள் தேடி வருவது இப்படிப்பட்டவர்களைத்தான்.

உயரத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பொட்டலில் ஆறடி இரண்டு பெரிய உயரம். ஐரோப்பாவில் வலையின் நடுவில் நின்று எதிரணி அடியைத் தடுக்கும் நடு பிளாக்கர்கள் பெரும்பாலும் இரண்டு மீட்டரைத் தாண்டியவர்கள். இஷிகாவாவே 192 சென்டிமீட்டர்; உங்கள் மகன் 188. ஆகவே வெறும் அடியை நம்பிப் பயனில்லை. எதிரணி சர்வீஸை வாங்கி, அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் கைக்குச் சரியாகக் கொடுக்கத் தெரிகிறதா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். அவன் அடித்த பந்துகளை மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோ வேண்டாம். ஒரு முழு செட்டை, வாங்கத் தவறிய பந்துகளோடு சேர்த்து, மைதானத்தின் பின்பக்கமிருந்து எடுத்து வையுங்கள். தேர்வு செய்கிறவர்கள் பார்க்க விரும்புவது அதைத்தான்.

அடுத்து சான்றிதழ். மின்னொளிப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகள் வீட்டு அலமாரிக்கு அழகு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவை எடுபடாது. மத்திய அரசு விளையாட்டு ஒதுக்கீட்டில் சர்வதேசப் போட்டி, தேசியப் போட்டி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, தேசியப் பள்ளி விளையாட்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ்ப் படிவம் உண்டு. தமிழக அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பள்ளி முடிவதற்குள் மாநில அணித் தேர்வுக்கு அவனை அனுப்பிவிடுங்கள். பிறகு வாலிபால் அணியை ஒழுங்காக நடத்தும் கல்லூரியாகப் பார்த்துச் சேருங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேளுங்கள். பல்கலைக்கழக அணி, மாநில அணி என்று ஏறினால் 2022-இல் தொடங்கிய பிரைம் வாலிபால் லீக் போன்ற இடங்களில் வெளிநாட்டு வீரர்களோடும் பயிற்சியாளர்களோடும் சேர்ந்து ஆடக் கிடைக்கும். வெளிநாட்டுக் கதவு அங்கிருந்துதான் திறக்கும். ரயில்வே, காவல்துறை வேலை கிடைத்த பிறகும் துறை அனுமதி வாங்கிப் போகலாம்.

முழங்காலையும் கவனியுங்கள். கட்டாந்தரையில் வெறுங்காலோடு குதித்துக் குதித்து இருபது வயதுக்குள் முட்டி தேய்ந்த பிள்ளைகளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. காட்டை விற்கத் துணிந்த நீங்கள், நல்ல ஷூ ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள்; முட்டிக்குக் கீழே வலி என்று சொன்னால் அன்றே ஆட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பணம் கட்டவில்லை என்றதும் தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். திட்டாதீர்கள். அவனையே அந்த ஆளுக்குப் போன் போடச் சொல்லுங்கள். கிளப் பெயர் என்ன, கிளப் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எங்கே, மாற்றுச் சான்றிதழுக்கு யார் விண்ணப்பிப்பார்கள் என்று அவனே கேட்கட்டும். மறுநாள் இருவரும் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு வந்து, விளையாட்டு மேம்பாட்டு ஆணைய அலுவலகத்தில் விளையாட்டு விடுதித் தேர்வு எப்போது என்று விசாரியுங்கள். வரும்போது பிறப்புச் சான்றிதழும் பள்ளி அளவில் ஆடிய சான்றிதழ்களும் கையில் இருக்கட்டும்.