கார்டு வந்துச்சா?

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு ஆண்டிமடம் பக்கத்தில் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்துவிட்டு பி.எஸ்சி. நர்சிங்குக்கு விண்ணப்பித்திருக்கிறேன். ரேங்க் லிஸ்ட் வந்துவிட்டது, கலந்தாய்வு தேதி வரவில்லை. என்னோடு படித்தவர்கள் காலேஜுக்குப் போக ஆரம்பித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. தெருவில் இறங்கினால் "என்ன பாப்பா, வீட்லயேவா இருக்க?" என்கிறார்கள். என் அம்மா முந்திரி உடைக்கப் போகும் இடத்திலும் இதே கேள்விதான். பெரியப்பா என் ரேங்கைப் பார்த்துவிட்டு, "இந்த நம்பருக்கெல்லாம் கிடைக்காது. டாக்டர் சீட்டு கிடைக்காதவங்க படிக்கிற படிப்புதானே, எங்க படிச்சா என்ன" என்கிறார். அவருக்குத் தெரிந்த ஏஜென்ட் ஒருவர் தினமும் போன் செய்கிறார். பெங்களூரில் சீட் இருக்கிறதாம். இப்போதே பத்தாயிரமும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கொடுத்தால் இடம் உறுதியாம். அப்பா பாதி சம்மதித்துவிட்டார். எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. நீங்கள் நர்ஸாக இருந்தவர் என்பதால் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள கண்ணு,

முதலில் ஒன்று. ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாரிடமும் கொடுக்காதே. இந்தக் கடிதத்தில் வேறெதுவும் உனக்கு நினைவில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை, இது நிற்கட்டும். பத்தாயிரம் போனால் உன் அப்பா மறுபடி சம்பாதித்துவிடுவார். ஆனால் மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் அந்த ஆள் கைக்குப் போய்விட்டால், நாளைக்கே கலந்தாய்வு தேதி வந்தாலும் நீ எதை வைத்துக்கொண்டு சேருவாய்? அவர் கேட்பதே அதற்காகத்தான். அவர் உன் வீட்டில் விற்கப் பார்ப்பது சீட்டை இல்லை. "பாப்பா இன்னும் வீட்லயேவா?" என்ற கேள்வி நாளையிலிருந்து வராது என்ற நிம்மதியைத்தான் விற்கிறார். உன் அப்பா பாதி சம்மதித்ததும் அந்த நிம்மதிக்காகத்தான் இருக்கும். அவர்மேல் கோபப்படாதே.

அந்தக் கேள்வி எனக்கும் தெரியும். 1981இல் எங்கள் ஊரில் அது "கார்டு வந்துச்சா?" என்று இருந்தது. திருச்சிப் பக்கம், செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டும் ஊர் எங்களுடையது. நர்சிங் டிப்ளமோவுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, நானும் பட்டறையில் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்து கல் தீட்டிக்கொண்டிருந்தேன். தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் கல் கை நழுவும். ஒரு மாதம் போனதும் அவர் எங்கள் வீட்டைப் பார்க்காமலே மிதித்துக்கொண்டு போக ஆரம்பித்தார். இல்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. ஐப்பசி மழையில் நனைந்த ஒரு கவரைச் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்து கொடுத்தார். அவர் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். தேதி ஏன் வரவில்லை என்று யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக் குழுதான் டாக்டர் படிப்புக்கும் கலந்தாய்வு நடத்துகிறது, உங்கள் படிப்புக்கும் நடத்துகிறது. டாக்டர் படிப்பு நீட்டோடும் அகில இந்தியக் கலந்தாய்வோடும் சேர்ந்து ஓடுவது. அங்கே நாள் தள்ளினால் பெரும்பாலும் உங்களுக்கும் தள்ளும். கலை, அறிவியல் கல்லூரிக்குப் போன உன் தோழிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தாமதத்துக்கும் உன் மார்க்குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

ரேங்க் லிஸ்டை மறுபடி எடுத்துப் பார். உன் பெயருக்கு நேரே பொது ரேங்க் இருக்கும், உன் சமூகப் பிரிவுக்கான ரேங்கும் இருக்கும். பெரியப்பா பார்த்தது முதலாவதாகத்தான் இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் இடங்களில் 31 சதவீதம் பொதுப் போட்டி, மீதி 69 சதவீதம் இடஒதுக்கீடு. உன் பிரிவு ரேங்கைத்தான் நீ முதலில் பார்க்க வேண்டும். முதல் சுற்றோடு எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. இடம் கிடைத்தவர்களில் சிலர் வேறு படிப்புக்குப் போய்விடுவார்கள், அந்த இடங்கள் அடுத்த சுற்றுக்கு வரும். கல்லூரிகளை வரிசைப்படுத்தச் சொல்லும்போது நாலு பெரிய ஊரோடு நிறுத்திவிடாதே, நீளமாகப் போடு. உன் வீட்டில் யாரும் பட்டம் படிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பி. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதற்குக் கல்லூரியில் சேர்ந்த பிறகு விண்ணப்பித்தால் போதும்.

"எங்க படிச்சா என்ன" என்கிறாரே பெரியப்பா, அதைப் படித்தபோதுதான் எனக்கு மனசு பொறுக்கவில்லை. ஒருமுறை ஒரு தனியார் கல்லூரியிலிருந்து நாலாம் வருட மாணவிகள் எங்கள் வார்டுக்கு வந்தார்கள். பிரசவம் பார்த்த கணக்கெல்லாம் அவர்கள் நோட்டில் நிரப்பி, கையெழுத்தும் வாங்கியிருந்தது. அதில் ஒரு பெண்ணிடம் பி.பி. பார்க்கச் சொன்னேன். பட்டையை மாற்றிக் கட்டினாள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதும் அழுதுவிட்டாள். அவர்கள் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் கட்டில்கள் உண்டாம், நோயாளிகள் கிடையாதாம். அவள் அப்பா நிலத்தை அடமானம் வைத்துச் சேர்த்திருந்தார். கெட்டிக்காரப் பெண் கண்ணு அவள், ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். நாலு வருடத்தை அவளிடமிருந்து திருடியிருக்கிறார்கள்.

பெங்களூரில் நல்ல கல்லூரிகள் நிறைய உண்டு. அங்கே படித்த அருமையான நர்ஸுகளோடு வேலை பார்த்திருக்கிறேன். அதனால் அந்தக் கல்லூரியின் பெயரைக் கேட்டு வாங்கு. எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, அந்த மாநில நர்சிங் கவுன்சில் அனுமதி இருக்கிறதா என்று பார். சொந்த ஆஸ்பத்திரி எங்கே என்று கேள். பி.எஸ்சி. நர்சிங் நடத்த 100 படுக்கை உள்ள சொந்த ஆஸ்பத்திரி வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. அப்பாவை ஒரு பஸ் ஏறிப் போய், பகல் பதினொரு மணிக்கு அந்த வார்டில் எத்தனை நோயாளிகள் படுத்திருக்கிறார்கள் என்று எண்ணி வரச் சொல். பெயரைச் சொல்ல அந்த ஆள் தயங்கினால் பஸ் செலவும் மிச்சம்.

அப்புறம், டாக்டர் சீட்டு கிடைக்காதவர்களின் படிப்பு என்கிற பேச்சு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871இலேயே நர்சிங் பள்ளி தொடங்கிவிட்டார்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் நர்சிங் பள்ளி தொடங்கினார், பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அதற்குப் பிறகு 1918இல்தான் தொடங்கினார். டாக்டரான அவர் முதலில் உருவாக்க நினைத்தது நர்ஸுகளைத்தான். உன் பெரியப்பாவுக்கு வருடக் கணக்கு பிடிக்காவிட்டால் இதைச் சொல்.

ஒரு ராத்திரி பிரசவ வார்டில் நான் டியூட்டி. நாற்பது பேருக்கு நான் ஒருத்தி. குழந்தை பெற்று ஒரு மணி நேரமான பெண், இருபது வயது இருக்கும், "சிஸ்டர், தலை சுத்துது" என்றாள். அடிவயிற்றில் கை வைத்தேன். பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பை பந்து மாதிரி இறுகி இருக்க வேண்டும். பிசைந்த மாவு மாதிரி குழைந்திருந்தது. துணியை விலக்கினால் கட்டில் முழுக்க ரத்தம். டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இன்னொரு உயிரோடு இருந்தார். ஆயாம்மாவை அவரிடம் ஓடச் சொல்லிவிட்டு, ஊசியைப் போட்டு, டிரிப்பை ஏற்றி, கர்ப்பப்பையை விடாமல் தேய்த்துக்கொண்டே நின்றேன். டாக்டர் வந்தபோது அது என் கைக்கடியில் இறுக ஆரம்பித்திருந்தது. விடிந்ததும் அந்தப் பெண் கேட்டது ஒரு டம்ளர் காபி.

கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். ஒரு நர்ஸுக்கு நாற்பது பேர் என்பது விதிப்படி சரியில்லை, அது இன்றும் பல இடங்களில் நடக்கிறது. 2015இல் அரசுத் தேர்வு எழுதித் தேறி வந்தவர்களை 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வைத்தார்கள். நிரந்தரமாக்கச் சொல்லி அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. தெரிந்துகொண்டுதான் நீ வர வேண்டும். ஒருவேளை இந்த வருடம் பட்டப் படிப்பில் இடம் கிடைக்காவிட்டால் அரசு நர்சிங் பள்ளிகளில் மூன்று வருட டிப்ளமோ இருக்கிறது. நான் படித்தது டிப்ளமோதான். பட்டம் வேண்டுமென்றால் பிறகு இரண்டு வருடம் படித்து வாங்கலாம்.

இந்த நாட்களில் ஒரு காரியம் செய். உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடுவது புதன்கிழமைதான் என்று நினைக்கிறேன், விசாரித்துக்கொள். அங்கே போய், கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்து பார். அழுகிற குழந்தையை எப்படிப் பிடிக்கிறார், ஊசி போடுவதற்கு முன் அம்மாவிடம் என்ன கேட்கிறார், எதை எழுதிக்கொள்கிறார் என்று பார்த்து எனக்கு எழுது. தெருவில் யாராவது கேட்டால் சப் சென்டருக்குப் போகிறேன் என்று சொல்.

அப்பாவுக்கு என் போன் நம்பரைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அந்த ஏஜென்ட் அடுத்து போன் செய்வதற்குள் அவரை என்னிடம் பேசச் சொல். ராத்திரி பத்து மணி ஆனாலும் விழித்திருப்பேன், நைட் டியூட்டி பார்த்த உடம்பு.