கொலுசு பில்லில் ‘கூலி’ சேர மறுத்தால்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம். பில் போடும் புரோகிராம் பெர்ல் மொழியில், கிளாஸ் கட்ட உதவும் மூஸ் என்ற மாட்யூலை வைத்து எழுதியது. ‘கொலுசு’ கிளாசில் செய்கூலி கணக்குப் போடும் ‘கூலி’ என்ற மெத்தடை மெட்டா வழியாகச் சேர்த்தால், இம்யூட்டபிள் (மாற்ற முடியாதது) என்று எரர் வந்து நின்றுவிடுகிறது. புராஜெக்ட் பிடித்துத் தருபவர் மொழியையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம், அட்வான்ஸும் கொடுக்காதீர்கள். மாற வேண்டியது ஒரு வரியின் இடம்தான்.

நீங்கள் சொல்லும் மெட்டா தருவது மெட்டாகிளாஸை; அது கிளாசின் பேரேடு, எந்தெந்த மெத்தட் உண்டு என்பது அதில் இருக்கும். ஃபைலின் கடைசியில் மேக்_இம்யூட்டபிள் என்று ஒரு வரி இருக்கும். அது, புதுப் பொருளை உருவாக்கும் ‘நியூ’ மெத்தடை வேகமாக ஓடும்படி கட்டிவிட்டு, பேரேட்டைப் பூட்டிவிடும். பிறகு ஆட்_மெத்தட், ரிமூவ்_மெத்தட் இரண்டும் செல்லாது. சேர்ப்பதை அந்த வரிக்கு மேலே வையுங்கள். ஓடும்போதுதான் சேர்க்க வேண்டுமென்றால் மேக்_மியூட்டபிள், ஆட்_மெத்தட், மறுபடி மேக்_இம்யூட்டபிள் என்ற வரிசை. பில்லுக்குப் பில் இதைச் செய்தால் ‘நியூ’ ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டப்படும். சர்வரில் நாலு புராசஸ் ஓடினால், ஒன்றில் சேர்த்தது மற்ற மூன்றுக்கும் தெரியாது. ஒரு பில்லில் கூலி வரும், அடுத்தது எரரில் நின்றுவிடும்.

சிலர் நட்சத்திரக் குறி போட்டு, பெர்ல் பெயர்களை வைத்திருக்கும் சிம்பல் டேபிளில் ‘சப்’பை (பெர்ல் ஃபங்ஷனை) நேராகச் செருகித் தருவார்கள். பூட்டை மீறி ஓடும், அதுதான் வினை. வேறு பேக்கேஜில் எழுதிய பெயரில்லாத சப்பை மெட்டாகிளாஸ் தன் மெத்தடாக எண்ணாது. கூப்பிட்டால் ஓடும், கெட்_மெத்தட்_லிஸ்ட்டில் இருக்காது, எரரில் ‘ஆனான்’ (பெயரில்லாதது) என்றுதான் வரும். நாளைக்கு அதைத் தேடுகிறவர் பாடு திண்டாட்டம். ஆட்_மெத்தட்டில் கொடுத்தால் அதுவே பெயர் வைத்துவிடும்.

ஒன்றில் மட்டும் கவனம். ‘கூலி’ தாய்க் கிளாஸான ‘பொருளி’ல் மட்டும் இருந்தால், ‘கொலுசி’ல் கெட்_மெத்தட் ‘இல்லை’ என்றே சொல்லும். அது அந்தக் கிளாசுக்குள் மட்டும்தான் பார்க்கும். கூப்பிட்டால் தாயுடையது ஓடும். ‘இல்லையே’ என்று புதிதாகச் சேர்த்தால் தாயுடையதை அது மறைத்துவிடும். தாயையும் சேர்த்துத் தேட ஃபைண்ட்_மெத்தட்_பை_நேம். இன்னொன்று: தாயிலும் ‘கூலி’ இருக்கும்போது ‘கொலுசி’ல் இருப்பதை ரிமூவ் செய்தால் எரர் வராது, சத்தமில்லாமல் தாயுடையது ஓடும். அது 0 கொடுத்தால் 250 கிராம் கொலுசு கூலியே இல்லாமல் பில்லாகும். மெத்தட் உண்டா என்று கேட்கும் ‘கேன்’ போட்டுப் பார்த்தாலும் ‘உண்டு’ என்றுதான் வரும். ஃபைண்ட்_மெத்தட்_பை_நேமில் கிடைத்த மெத்தடின் பேக்கேஜ்_நேம், அதாவது அது எந்தக் கிளாசுடையது, எதுவென்று பாருங்கள்.

நம் கல்லூரிப் பாடம் ‘விலங்கு, நாய்’ உதாரணத்தோடு மூடிவிடுகிறது; ஒரு வரி எரருக்கு லட்சத்தில் கொட்டேஷன் வராமல் என்ன செய்யும்? ‘பெர்ல் செத்துப்போச்சு’ என்பவரிடம் 5.40 வெளிவந்தது 2024-இல் என்று சொல்லுங்கள். முதலில் சோர்ஸ் ஃபைலை அந்த புராஜெக்ட்காரரிடமிருந்து வாங்கி ஒரு காப்பி எடுத்துவையுங்கள். வரியை மாற்றியதும் சர்வரை ரீஸ்டார்ட் செய்து, ஒரு கொலுசு பில்லும், ‘பொருளி’ல் வரும் வேறொரு பில்லும் போட்டுப் பாருங்கள்.