ரிமோட்டின் மற்ற பொத்தான்கள் வேலை செய்கின்றன, மைக் மட்டும் ஏன் பேசாமடந்தை?

டி.வி.யுடன் இணைக்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக், பாக்ஸ் போன்ற சாதனங்களின் ரிமோட்டில் குரல் தேடல் சரியாக இயங்கவில்லை என்று வாசகர்கள் பலர் கேட்டிருந்தனர். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஒலியளவைக் கூட்டுவது, குறைப்பது, டி.வி.யை அணைப்பது எல்லாம் ரிமோட்டில் ஒழுங்காக நடக்கின்றன. மைக் பொத்தானை அழுத்தினால் மட்டும் திரையில் எந்த அசைவும் இல்லை. மைக் மட்டும் தனியாகக் கெட்டுப்போகுமா? வேறு ரிமோட் வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறியிலேயே பாதி விடை இருக்கிறது. குரல் வசதியுள்ள ரிமோட்டுக்குள் பெரும்பாலும் இரண்டு தனித்தனி வழிகள் உண்டு. டி.வி.யை அணைப்பதும் ஒலியளவை மாற்றுவதும் அகச்சிவப்பு ஒளி வழியாக நேரே டி.வி.க்குப் போகும் கட்டளைகள். இருட்டில் கைவிளக்கைச் சிமிட்டிச் சைகை காட்டுவதைப் போன்ற ஏற்பாடு அது; சில குறியீடுகளை அனுப்பலாமே தவிர, ஒருவர் பேசுவதை ரிமோட்டின் அந்தச் சிறிய விளக்கைக் கொண்டு அனுப்ப இயலாது. குரல் வானொலி அலை வழியாகத்தான் போகிறது. அமேசான் ஃபயர் டி.வி., கூகுள் டி.வி., ஆப்பிள் டி.வி. ஆகியவற்றின் ரிமோட்கள் இதற்கு ப்ளூடூத்தையும், ரோக்குவின் குரல் ரிமோட்கள் வைஃபை டைரக்டையும் பயன்படுத்துகின்றன. ஆகவே ஒலியளவு மாறுகிறது என்பது அகச்சிவப்பு வழி நன்றாக இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. ரிமோட்டுக்கும் ஸ்ட்ரீமிங் சாதனத்துக்கும் இடையிலான இணைப்பு அறுந்துபோயிருந்தாலும் ஒலியளவு மாறிக்கொண்டுதான் இருக்கும்.

இதை உறுதிசெய்ய, மேல், கீழ் அம்புக்குறிகளை அழுத்திப் பாருங்கள். அவையும் நகராவிட்டால் இணைப்பு போய்விட்டது என்று கொள்ளலாம். அவை நகர்ந்தாலும் உடனே நம்பிவிட வேண்டாம். சில பாக்ஸ்கள் அம்புக்குறிகளை அகச்சிவப்பு வழியாகவும் ஏற்றுக்கொள்ளும். ரிமோட்டின் முன்முனையை உள்ளங்கையால் முழுவதுமாக மூடிக்கொண்டு அழுத்துங்கள். மூடியபோதும் திரையில் தேர்வு நகர்ந்தால் வானொலி இணைப்பு உயிரோடு இருக்கிறது. மூடியதும் நின்றுபோனால் அது அறுந்துவிட்டது.

அறுந்திருந்தால் மீண்டும் இணைப்பதுதான் வைத்தியம். சாதனத்தின் மின்சாரத்தைத் துண்டித்து, ஒரு நிமிடம் கழித்து மறுபடி கொடுத்து, முகப்புத் திரை வந்த பிறகு இணைக்க முயலுங்கள். ஃபயர் டி.வி. ரிமோட்டில் முகப்புப் பொத்தானை 10 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். கூகுள் டி.வி.யுடன் வந்த க்ரோம்காஸ்ட் ரிமோட்டில் பின்செல்லும் பொத்தானையும் முகப்புப் பொத்தானையும் சேர்த்து, விளக்கு மினுக்கத் தொடங்கும் வரை பிடிக்க வேண்டும். ஆப்பிள் டி.வி.யில், ரிமோட்டைச் சாதனத்துக்கு மிக அருகில் கொண்டுபோய், பின்செல்லும் பொத்தானையும் ஒலி கூட்டும் பொத்தானையும் சில விநாடிகள் ஒன்றாக அழுத்த வேண்டும். ரோக்குவின் குரல் ரிமோட்டில் இணைப்புப் பொத்தான் பெரும்பாலும் பேட்டரி மூடிக்கு உள்ளே ஒளிந்திருக்கும். மூடியைக் கழற்றாமல் தேடினால் கண்ணில் படாது.

கேள்வி: மைக் பொத்தானை அழுத்தியதும் திரையில் கேட்பதற்கான அடையாளம் வருகிறது. ஆனால் சில வேளைகளில் புரிந்துகொள்கிறது, சில வேளைகளில் 'கேட்கவில்லை' என்கிறது. பாதிப் பேச்சைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஒரே ரிமோட் இப்படி மாறி மாறி நடந்துகொள்வது எதனால்?

பதில்: நீங்கள் பேசும்போது திரையின் ஓரத்தில் அலையோ கோடோ அசைகிறதல்லவா, அதைக் கவனித்துப் பாருங்கள். மற்றவற்றையெல்லாம் விட அது சொல்லும் செய்தி துல்லியமானது. அலை அசையவே இல்லை என்றால் குரல் சாதனத்தை எட்டவில்லை. அலை நன்றாக அசைந்து, பிறகு இணைப்புச் சிக்கல் என்று அறிவிப்பு வந்தால், குரல் சாதனம் வரை வந்துவிட்டது, இணையத்தில்தான் தடை. ஏனென்றால் பேச்சை எழுத்தாக்கும் வேலை பெரும்பாலும் சாதனத்துக்குள் நடப்பதில்லை, தொலைவிலுள்ள சேவையகத்தில் நடக்கிறது. எழுத்துகள் தோன்றி, ஆனால் தவறாகத் தோன்றினால் மொழி அமைப்பையோ சுற்றுப்புற இரைச்சலையோ சந்தேகிக்க வேண்டும். எழுத்து சரியாக இருந்து, முடிவுகள் மட்டும் பொருந்தாவிட்டால் ரிமோட்டுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

உங்கள் விவரிப்பைப் பார்த்தால் முதல் வகை என்றே தோன்றுகிறது. இதில் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகிப்பேன். ஒரு பொத்தானை அழுத்தும்போது ரிமோட் மிகச் சிறிய செய்தியை அனுப்பிவிட்டு உறங்கிவிடுகிறது. பேசும்போதோ மைக்கை இயக்கி, குரலைச் சுருக்கி, விநாடிக்கணக்கில் இடைவிடாமல் அனுப்ப வேண்டியிருக்கிறது. தளர்ந்த பேட்டரி முதல் வேலைக்கு ஈடுகொடுக்கும், இரண்டாவதில் மூச்சு வாங்கும். அதனால்தான் மற்றப் பொத்தான்கள் எல்லாம் இயங்கும்போதே மைக் மட்டும் தடுமாறத் தொடங்குகிறது. இரண்டு பேட்டரிகளையும் ஒருசேர மாற்றுங்கள். பழையது ஒன்றும் புதியது ஒன்றுமாகப் போடுவது வீண். மறுமுறை மின்னேற்றும் வகை பேட்டரி ஒன்றின் அழுத்தம் 1.2 வோல்ட், சாதாரண அல்கலைன் பேட்டரியின் அழுத்தம் 1.5 வோல்ட் என்பதால், சில ரிமோட்கள் முன்னதை எப்போதும் குறைந்த மின்னேற்றமாகவே கணக்கிடும்.

அடுத்தது பேசும் முறை. பொத்தானை அழுத்திய அதே கணத்தில் பேசத் தொடங்கினால் முதல் சொல் விழுந்துவிடும்; கடைசிச் சொல் வாயில் இருக்கும்போதே விரலை எடுத்தால் அது விழுந்துவிடும். பெரும்பாலான ரிமோட்களில் பேசி முடிக்கும்வரை பொத்தானை அழுத்திப் பிடித்தே இருக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் அழைப்பு மணியைப் போல ஒருமுறை தட்டிவிட்டுப் பேசுவதையும், பிறகு ரிமோட்டைத் திட்டுவதையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அழுத்தி, அடையாளம் தோன்றிய பிறகு பேசி, முடித்ததும் ஒரு நொடி விட்டு விரலை எடுங்கள். மைக்கின் துளை ரிமோட்டின் மேற்பகுதியில் ஊசிமுனை அளவே இருக்கும். சிலிக்கான் உறை போட்டிருந்தால் துளைக்கு நேராக உறையிலும் திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அழுக்கு அடைத்திருந்தால் உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடைக்கலாம். குண்டூசியை உள்ளே விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம், துளைக்குப் பின்னால் இருப்பது மைக்கின் சவ்வு.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் விட்டு விட்டுத்தான் கேட்கிறது என்றால், அலைகளின் நெரிசலைப் பார்க்க வேண்டும். ப்ளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். ரூட்டர்களின் பழைய வைஃபை அலைவரிசையும் அதுவே, மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அதே இடத்தில்தான் விழுகிறது. யு.எஸ்.பி. 3.0 சாதனங்களும் அவற்றின் வடங்களும் இந்த அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்குகின்றன என்பதை இன்டெல் நிறுவனம் 2012-ஆம் ஆண்டிலேயே ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. டி.வி.யின் முதுகில் ஸ்டிக்கும் அதை ஒட்டியே ஒரு ஹார்ட் டிஸ்க்கும் செருகியிருந்தால், அந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சோதித்துப் பாருங்கள். டி.வி.யின் உலோகத் தகடும் அலையை மறைக்கும். ஸ்டிக்குடன் ஒரு குட்டி எச்.டி.எம்.ஐ. நீட்டிப்பு வடம் தரப்பட்டிருக்குமே, பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுவார்கள். ஸ்டிக்கைத் தகட்டிலிருந்து சற்று விலக்கி வைப்பது அதன் முக்கியமான பயன்களில் ஒன்று. ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் ஸ்டிக்கை அதற்கு மாற்றிவிட்டால், ப்ளூடூத்துக்கு இடம் விட்டதுபோல் ஆகும்.

மின்சாரத்தையும் மறக்காதீர்கள். டி.வி.யின் யு.எஸ்.பி. துளையிலிருந்து ஸ்டிக்குக்கு மின்சாரம் எடுப்பது பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும், ஆனால் யு.எஸ்.பி. 2.0 துளை தர வேண்டிய அளவு 500 மில்லி ஆம்பியர்தான். ஸ்டிக்குகள் பலவற்றுக்கு அதைப் போல இரு மடங்கு தேவைப்படும். உடன் வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: ரிமோட்டின் மைக்தான் பழுதா, சாதனத்தில் வேறு கோளாறா என்பதை எந்தக் கருவியும் இல்லாமல் எப்படிக் கண்டறிவது?

பதில்: உங்கள் கைபேசியே போதும். ஃபயர் டி.வி., கூகுள் டி.வி., ரோக்கு ஆகியவற்றின் கைபேசிச் செயலிகளில் திரையில் தோன்றும் ரிமோட்டும் அதில் ஒரு மைக் பொத்தானும் உண்டு. கைபேசியும் சாதனமும் ஒரே வைஃபையில் இருக்கும்போது, அந்த மைக்கில் பேசிப் பாருங்கள். அதில் எல்லாம் ஒழுங்காக நடந்தால் கோளாறு கையிலிருக்கும் ரிமோட்டிலோ அதன் இணைப்பிலோ இருக்கிறது. அதிலும் நடக்காவிட்டால் ரிமோட்டை விட்டுவிட்டு இணையம், கணக்கு, சாதனத்தின் மென்பொருள் என்ற பக்கம் போங்கள். புதிய ரிமோட் வாங்குவதற்கு முன் இந்த ஒரு சோதனையையாவது செய்துவிடுவது நல்லது.

கேள்வி: ஆண்ட்ராய்டு டி.வி. பாக்ஸ் வைத்திருக்கிறேன். மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு மைக் பொத்தானை அழுத்தினால் ஒரு கணம் அடையாளம் தோன்றி மறைந்துவிடுகிறது. கைபேசிச் செயலி வழியாகவும் அப்படியே.

பதில்: கைபேசியிலும் அப்படியே என்பதால் ரிமோட் குற்றவாளி அல்ல. ஆண்ட்ராய்டு டி.வி.யில் குரலைக் கேட்டு அனுப்பும் பொறுப்பு கூகுள் என்ற பெயரில் இருக்கும் செயலியுடையது. அமைப்புகளில் செயலிகள் பகுதிக்குச் சென்று அதைத் திறந்து, மைக் அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அனுமதி இருந்தால், செயலியை வலுக்கட்டாயமாக நிறுத்தி, தற்காலிகச் சேமிப்பை அழித்து, சாதனத்தை மறுதொடக்கம் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் அந்தச் செயலியின் புதுப்பிப்புகளை நீக்கிவிட்டு, பிறகு செயலிக் கடையிலிருந்து மீண்டும் புதுப்பிக்கலாம். கூடவே தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள். கடிகாரம் பிசகினால் சேவையகத்துடன் பாதுகாப்பான இணைப்பு ஏற்படாது, குரல் தேடலும் நின்றுவிடும்.

முகப்புத் திரையில் வேலை செய்யும் மைக் ஒரு குறிப்பிட்ட செயலிக்குள் மட்டும் வேலை செய்யவில்லை என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். அது பழுதல்ல. தேடல் பெட்டிக்குள் குரலை ஏற்பதா இல்லையா என்பதை அந்தந்தச் செயலியை உருவாக்கியவர்களே முடிவுசெய்கிறார்கள்.

கேள்வி: தமிழ்ப் பெயர்களைச் சொன்னால் சம்பந்தமில்லாத ஆங்கிலச் சொற்கள் வருகின்றன. உச்சரிப்பைத் திருத்திக்கொள்ள வேண்டுமா?

பதில்: உங்கள் உச்சரிப்பில் குறை இல்லை. குரலை எழுத்தாக்கும் அமைப்பு, தனக்குச் சொல்லப்பட்ட மொழியின் சொற்களைத்தான் தேடும். ஆங்கிலத்தில் வைத்திருந்தால் 'பாட்டு' என்பதை 'பார்ட் டூ' என்று எழுதிவிடக்கூடும். அதன் அகராதிக்கு அதுதான் நெருக்கமான ஒலி. சாதனத்தின் குரல் மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். திரையின் மொழியும் குரலின் மொழியும் சில சாதனங்களில் வெவ்வேறு இடங்களில் இருப்பதால், ஒன்றை மாற்றிவிட்டு மற்றதையும் பாருங்கள். தமிழ் இல்லாவிட்டால் கைபேசியின் உதவியை நாடலாம். கூகுளின் விசைப்பலகை 2017 முதலே தமிழ்க் குரலை எழுத்தாக்குகிறது. கூகுள் டி.வி. செயலியின் ரிமோட்டில் விசைப்பலகையைத் திறந்து, கைபேசியில் தமிழில் பேசினால், அந்த எழுத்துகள் டி.வி.யின் தேடல் பெட்டியில் வந்து அமரும். சுற்றுவழிதான், ஆனாலும் ஒவ்வோர் எழுத்தாக அம்புக்குறியால் தேடுவதைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: மைக் இருக்கும் ரிமோட் எந்நேரமும் நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்குமா?

பதில்: அழுத்திப் பேசும் வகை ரிமோட்டில், பொத்தானை அழுத்தியிருக்கும்போது மட்டுமே மைக் இயங்கும். ஃபயர் டி.வி. க்யூப், ரோக்கு வாய்ஸ் ரிமோட் ப்ரோ போன்று கைபடாமல் அழைத்தால் பதில் தருபவை வேறு வகை. அவற்றில் அந்த வசதியை நிறுத்த தனிப் பொத்தானோ சுவிட்சோ இருக்கும். இரவு வேளையில் அதை நிறுத்திவைப்பதால் எந்த நட்டமும் இல்லை.

கேள்வி: எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. கைபேசி மைக் வேலை செய்கிறது, ரிமோட் மைக் செய்யவில்லை. மாற்று ரிமோட் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தோற்றத்தில் அச்சு அசலாக இருக்கும் மலிவான மாற்று ரிமோட்கள் பலவற்றில் அகச்சிவப்பு விளக்கு மட்டுமே இருக்கும், சிலவற்றில் மைக் படம் போட்ட பொத்தான்கூட அலங்காரத்துக்குத்தான். விவரக் குறிப்பில் ப்ளூடூத் அல்லது அதற்கு இணையான இணைப்பு வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்றும், உங்கள் சாதனத்தின் மாதிரி எண் பொருத்தப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாதிரி எண் சாதனத்தின் அடிப்பக்கத்திலும், அமைப்புகளில் சாதனம் பற்றிய பகுதியிலும் கிடைக்கும். பழைய ரிமோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதியதை இணைக்கும்போது அமைப்புகளுக்குள் சென்றுவர அதன் அம்புக்குறிகள் தேவைப்படும்.