யாங்கோனில் இருக்கிறேன். பழைய ஹோண்டா ஃபிட் கார், ஆட்டோ கியர், வாங்கியிருக்கிறேன். இஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில் இரண்டையும் வீட்டிலேயே பார்த்து மாற்ற முடியுமா?

இஞ்சின் ஆயிலைத் தாராளமாக மாற்றலாம். கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டில் கட்டாயம் பார்க்க வேண்டும். மாற்றுவதென்றால், அந்த வண்டிக்கே உரிய ஆயில் கையில் இருந்தால் மட்டும்.

வண்டி எந்த வருஷம் என்று நீங்கள் எழுதவில்லை. யாங்கோன், ஆட்டோ கியர் என்கிறீர்கள். 2011-இல் பழைய வண்டிகளை ஒப்படைத்துவிட்டு ஜப்பான் வண்டி இறக்கிக்கொள்ளலாம் என்று மியன்மார் அரசு திறந்துவிட்ட பிறகு வந்து குவிந்த ஃபிட்களில் ஒன்றாக இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். என்னுடையதும் அதுதான். சி.வி.டி. கியர்பாக்ஸ், உள்ளே பல்சக்கரங்களுக்குப் பதில் இரண்டு புல்லிகளும் ஒரு எஃகு பெல்ட்டும்.

‘மெக்கானிக் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாயா’ என்று கேட்க இங்கே சிலர் வருவார்கள். என் தாய்மாமா ஆயுள் முழுக்க லாரி மெக்கானிக். அவர் பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன் நான். நல்ல தொழில்காரரை எனக்குத் தெரியும், மதிக்கவும் தெரியும். கீழே எழுதுவது வேறு வகை ஆட்களைப் பற்றி.

ஒரு மழைக்காலம். வேலை நெருக்கடியில் வீட்டில் மாற்ற நேரமில்லாமல், யாங்கோனில் தாமுவே பக்கம் ஒரு கடையில் ஆயில் மாற்ற விட்டேன். வண்டியை லிஃப்டில் ஏற்றினார்கள், ஒரு பையன் அடியில் போய் போல்ட்டைக் கழற்றினான், வடித்தான், புது ஆயில் மூன்றரை லிட்டர் ஊற்றினார்கள், முடிந்தது. பணம் கொடுத்தேன். சாவி போடும் முன் பானட்டைத் திறந்து ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்ப்பது மாமா பழக்கிய வழக்கம். உருவினேன். புது ஆயில் தேன் நிறத்தில் இருக்க வேண்டும். குச்சியில் இருந்தது கன்னங்கரேல். அளவோ மேல் கோட்டையும் தாண்டி எங்கோ ஏறி நின்றது.

புரிந்துவிட்டது. சி.வி.டி. குச்சியை உருவினேன். நுனிகூட நனையவில்லை. வடித்த தட்டைப் போய்ப் பார்த்தேன்: கறுப்பே இல்லாத மெல்லிய எண்ணெய். இஞ்சின் போல்ட் என்று நினைத்து கியர்பாக்ஸ் போல்ட்டைக் கழற்றிவிட்டான் பையன். பழைய இஞ்சின் ஆயில் அப்படியே இருக்க, அதன் தலைமேல் புதுசும் போய்விட்டது.

முதலாளி, “ஒன்றும் ஆகாது சயா (ஐயா), ஓட்டிப் பாருங்கள், சரியாகிவிடும்” என்றார். ஓட்டியிருந்தால் என்ன ஆகும்? அந்த எஃகு பெல்ட்டைப் புல்லி இறுக்கிப் பிடிப்பதே ஆயில் அழுத்தத்தால். ஆயில் இல்லாமல் கிளப்பினால் பெல்ட் வழுக்கி, புல்லியின் முகம் கீறி, பாக்ஸ் வீணாகும். இஞ்சினில் ஆயில் மிஞ்சினாலும் ஆபத்துதான்: கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரையால் அழுத்தம் நிற்காது, சீல் கசியத் தொடங்கும். வண்டியை ஓர் அடிகூட நகர்த்த விடவில்லை நான். அடுத்து அவர் எடுத்து வந்தது சிவப்பு ஏ.டி.எஃப்., அதாவது சாதாரண ஆட்டோ கியர் ஆயில் டின். எல்லா ஆட்டோ வண்டிக்கும் இதுதான் என்றார். அதையும் விடவில்லை. சாதாரண ஏ.டி.எஃப். அந்த பெல்ட்டுக்கு வேண்டிய பிடிமானம் தராது. என் வண்டிக்கு ஹோண்டாவின் எச்.எம்.எம்.எஃப். என்ற ஆயில்தான். ஸ்பேர் கடையிலிருந்து அது வந்து சேர்ந்து, எல்லாம் ஊற்றி முடிக்க இரவாகிவிட்டது. காத்திருந்தேன். அந்தப் பிடிவாதம்தான் இன்றைக்கும் அந்த கியர்பாக்ஸை ஓட வைக்கிறது.

ஆகவே படுத்து அடியில் பார்க்கும்போது முதலில் இந்த இரண்டு போல்ட்டையும் பிரித்து அறியுங்கள். இஞ்சின் ஆயில் போல்ட்டுக்கு அறுகோணத் தலை, 17 நம்பர் ஸ்பானர் பிடிக்கும். கியர்பாக்ஸ் போல்ட்டின் நடுவில் சதுரக் குழி இருக்கும், ராட்செட்டின் முனையே அதில் நேராகப் பொருந்தும். விரலால் தடவினாலே தெரியும்.

இஞ்சின் ஆயில் வேலை சுலபம். சமதரை, ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு வைத்தே தீர வேண்டும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கை சுடாத சூட்டில் வடியுங்கள். ஃபில்ட்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்ததா என்று பாருங்கள். இஞ்சினில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால், புது ஃபில்ட்டரின் வளையம் அதன் மேல் உட்கார்ந்து, மொத்த ஆயிலும் ரோட்டில் போகும். புது வளையத்தில் ஆயில் தடவி, ஒட்டியதிலிருந்து முக்கால் சுற்று கையால் இறுக்கினால் போதும். போல்ட்டுக்குப் புது வாஷர். முதலில் மூன்று லிட்டர், பிறகு குச்சியைப் பார்த்துப் பார்த்து மீதி. ‘சூடான ஊர், 20W-50 போடு’ என்பார்கள். கேட்காதீர்கள். இந்த இஞ்சின் 0W-20, 5W-30 போன்ற மெல்லிய ஆயிலுக்குச் செய்தது, நான் 5W-30 போடுகிறேன். யாங்கோன் நெரிசலில் இஞ்சின் ஓடும், கிலோமீட்டர் ஏறாது. அதனால் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுகிறேன்.

கியர்பாக்ஸ் குச்சி பார்க்கும் முறை வேறு, இங்கேதான் பலர் குழப்புகிறார்கள். டொயோட்டாவில் குச்சி உள்ள பழைய ஆட்டோ வண்டிகளில் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். ஹோண்டாவில் அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் ஓடும் அளவுக்குச் சூடேற்றி, அணைத்து, ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடத்துக்குள் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். பஞ்சுநூல் துணியால் துடைக்காதீர்கள், ஒரு நூல் உள்ளே போனாலும் கேடு. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். கருகிய வாடை வந்தால் நல்ல ஆளிடம் காட்டுங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, மழைத் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டிகளுக்கு வரும். அதோடு ஓட்டவே ஓட்டாதீர்கள். மாற்றினால் வடிவது பாதி அளவுதான், மீதி உள்ளேயே தங்கும். அதனால் வடித்து, ஊற்றி, கொஞ்ச நாள் ஓட்டி, மறுபடி வடிக்க வேண்டும். ஊற்றும் வாயைத் திறக்க முடிகிறது என்று உறுதியான பிறகே கீழ் போல்ட்டைத் தொடுங்கள். வடித்த பின் மேலே திறக்க வராவிட்டால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும்.

பானட்டுக்குள்ளே ஜப்பான் ஆயில் சீட்டு ஏதாவது தொங்குகிறதா, கதவுத் தூணில் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். என் வண்டியில் ஒன்று இருந்தது, 22-ஆம் ஆண்டு என்று எழுதி. ஹெய்செய் கணக்கு அது, ஜப்பான் பேரரசரின் ஆட்சி ஆண்டு; நம் கணக்கில் 2010. கூடவே கிலோமீட்டரும் எழுதியிருந்தது. அதை வைத்து, விற்றவர் மீட்டரைக் குறைக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். 1970-இல் நாட்டையே ரோட்டின் வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். என்னுடையதைப் போன்ற ஜப்பான் வண்டிகள் இன்றைக்கும் வலப்பக்க ஸ்டியரிங். பீலிக்கான் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகும்போது, முன்னால் லாரி போனால், எதிரே வருவது எனக்குத் தெரியாது. இடப்பக்கம் இருக்கிற மனைவி எட்டிப் பார்த்து “வாங்க, வாங்க” என்று சொன்னால்தான் முந்த முடியும். பிள்ளைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு இப்படி ஓட்ட வேண்டியிருப்பது எனக்கு ஆறவே ஆறாத கோபம். ஆயிலைப் பற்றி இத்தனை கவலைப்படுகிறவர்கள் இதற்கு ஏன் வாய் திறப்பதில்லை?

சரி. வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், மழையில் அத்தனையும் ஆற்றுக்குத்தான் போகும். மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயில் டிரம் வைத்திருக்கும் பட்டறையில் கொடுங்கள். காலி ஆயில் டின்னை ஆணியால் நாலு ஓட்டை போட்டுத் தூக்கிப் போடுங்கள். முழுசாகப் போட்டால் அதில் கழிவு ஆயிலை நிரப்பி, மூடி ஒட்டி, மறுபடி நம்மிடமே விற்கிறார்கள்.